ஊர் எழுப்பிய மருத்துவமனைகள்: இங்கிலாந்தில் மருத்துவமனை மாற்றங்களும் மக்கள் எதிர்ப்பும்

இங்கிலாந்தின் சிற்றூர்களில் மருத்துவமனைப் படுக்கைகளைக் குறைக்கவோ ஒரு பிரிவை மூடவோ திட்டம் வரும்போதெல்லாம் ஊரார் திரண்டு எதிர்ப்பது அந்நாட்டு அரசியலில் பழகிய காட்சி. பழையதன்மேல் கொண்ட வெறும் பற்று என்றே இவ்வெதிர்ப்பை மதிப்பிடுவது உண்டு. அம்மதிப்பீடு போதாது என்பது இக்கட்டுரையின் கருத்து. எதிர்ப்பின் அடியில் இருப்பது உரிமை பற்றிய வழக்கு. அதன் வேர் மருத்துவமனைகள் அரசுடைமையான 1948ஆம் ஆண்டுக்கு முந்தியது.

சர்ரே கவுண்டியின் கிரான்லி என்னும் ஊரில் ஆல்பர்ட் நாப்பர் என்ற மருத்துவர் 1859இல் ஒரு பழைய சிறுவீட்டில் தொடங்கியதே ‘குடில் மருத்துவமனை’ என்னும் வகைக்கு முன்மாதிரியாயிற்று. தொலைவிலுள்ள நகரத்துப் பெருமருத்துவமனையை நாட இயலாத ஏழைத் தொழிலாளர், தம் ஊர் மருத்துவரின் பொறுப்பிலேயே தங்கிச் சிகிச்சை பெறலாம் என்பதே அதன் புதுமை. செல்வரின் நன்கொடை, ஊராரின் சந்தா, நோயாளர் இயன்றவரை கொடுத்த சிறுதொகை ஆகியவற்றால் இத்தகைய மருத்துவமனைகள் நடந்தன. முதல் உலகப் போருக்குப் பின் பல ஊர்கள், மாண்ட வீரர்களின் நினைவாக மருத்துவமனைகளையே எழுப்பின. அக்கட்டடங்கள் ஒருவகையில் அவ்வூர்களின் நடுகற்களும் ஆகும்.

1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது இவற்றுள் பெரும்பாலானவை அரசுடைமையாயின. சட்டப்படியான உடைமை போயிற்று. கட்டியவர் தாமே என்னும் நினைவு போகவில்லை. இனாக் பவல் சுகாதார அமைச்சராக இருந்தபோது 1962இல் வெளியான மருத்துவமனைத் திட்டம், ஒன்று முதல் ஒன்றரை இலட்சம் மக்களுக்கு 600 முதல் 800 படுக்கைகள் கொண்ட மாவட்டப் பொது மருத்துவமனை ஒன்று என அளவுகோல் வகுத்தது. அதன்முன் சிறு மருத்துவமனைகள் மிகையாகத் தோன்றின. முதியோர் பராமரிப்பும் நோய்க்குப் பிந்தைய தேறுதலும் அவற்றின் பணி என வரையறுத்து, ‘சமுதாய மருத்துவமனை’ என்னும் பெயரில் 1970களில் அவற்றுக்கு மறுவாழ்வு தேடப்பட்டது.

ஒருமுகப்படுத்தலுக்கு மருத்துவக் காரணங்கள் இல்லாமல் இல்லை. சிறப்பு மருத்துவரும் கருவிகளும் ஓரிடத்தில் இருந்தால் கடும் விபத்துக்கு உள்ளானவர் பிழைக்கும் வாய்ப்பு மிகும். ஆனால் திட்டத்தாளில் சில மைல்களாகத் தெரியும் தொலைவு, கார் இல்லாத முதியவருக்கு இரு பேருந்துகளும் அரை நாளும் ஆகலாம். இரு தரப்பும் உண்மையே பேசின. அளந்த பொருள்கள்தாம் வேறு.

கிடர்மின்ஸ்டர் நிகழ்ச்சி இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. கம்பள நெசவுக்குப் பெயர்பெற்ற அந்நகரின் மருத்துவமனை குடில் மருத்துவமனை அன்று. விபத்து, அவசரச் சிகிச்சைப் பிரிவுடன் இயங்கிய பொது மருத்துவமனை. வூஸ்டர் நகரில் தனியார் முதலீட்டு முறையில் புதிய பெருமருத்துவமனை திட்டமிடப்பட்டபோது, கிடர்மின்ஸ்டரின் பணிகளைக் குறைக்க முடிவாயிற்று. ஊர்வலங்களும் கையெழுத்து இயக்கங்களும் பயன் தரவில்லை. 2000 செப்டம்பரில் அவசரப் பிரிவு மூடப்பட்டு, சிறுகாயங்களுக்கான பிரிவு மட்டும் எஞ்சியது.

எதிர்ப்பாளர் ‘ஹெல்த் கன்சர்ன்’ என்னும் உள்ளூர்க் கட்சியாகி, முதலில் மாவட்ட மன்றத் தேர்தல்களில் வென்றனர். 2001 பொதுத்தேர்தலில் வயர் ஃபாரஸ்ட் தொகுதியில், அதே மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவர் ரிச்சர்ட் டெய்லர் நின்றார். ஆளும் தொழிற்கட்சியின் இளநிலை அமைச்சர் டேவிட் லாக்கை 17,630 வாக்கு வேறுபாட்டில் தோற்கடித்தார். லிபரல் டெமக்ராட் கட்சி வேட்பாளரை நிறுத்தாமல் ஒதுங்கியது அவருக்குத் துணையாயிற்று என்பதையும் சொல்லவேண்டும். எனினும் அவ்வேறுபாட்டை அதுமட்டும் விளக்காது. மருத்துவம் அறியாத கூட்டத்தின் அச்சம் என்று இவ்வெதிர்ப்பை ஒதுக்கவும் வழியில்லை. அதன் முகமாக நின்றவரே மருத்துவர்.

இத்தகைய பூசல்களில் மீண்டும் மீண்டும் எழும் குறை, முடிவெடுத்த பின்னரே கருத்துக் கேட்கிறார்கள் என்பது. திட்டம் உருப்பெறும் நிலையிலேயே மக்கள் கருத்தைக் கேட்கவேண்டும் என்னும் நெறி, பள்ளிகளை மூடுவது பற்றிய 1985ஆம் ஆண்டு வழக்கொன்றில் வகுக்கப்பட்டது. டெவனில் ஊனமுற்றோர் வாழ்ந்த மார்டன் ஹவுஸ் என்னும் இல்லத்தை மூடுவது தொடர்பான காக்லன் வழக்கில் 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்நெறியைச் சுகாதார நிருவாகத்துக்கும் ஏற்றது. ‘வாழ்நாள் இல்லம்’ என அவர்களுக்கு முன்னர் அளித்த வாக்குறுதியை மீறுவது முறையன்று என்றும் அது தீர்த்தது. பூசலுக்குரிய மாற்றங்களை ஆராய்ந்து அமைச்சருக்கு அறிவுரை கூறத் தன்னுரிமைக் குழு ஒன்று 2003இல் அமைந்தது. 2006இல் அரசு சமுதாய மருத்துவமனைகளுக்கும் சேவைகளுக்கும் ஐந்தாண்டுகளில் 75 கோடி பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தது.

டெய்லர் 2005இல் குறைந்த வேறுபாட்டில் மீண்டும் வென்று, 2010இல் தோற்றார். கிடர்மின்ஸ்டரில் பின்னர்ப் புதிய சிகிச்சை மையம் எழுந்தது. மூடப்பட்ட அவசரப் பிரிவு திரும்பவில்லை.