மூன்றரை வருஷம் மூடின மாயா பே

ஸ்நார்க்கலிங் பண்ண தாய்லாந்து போலாம்னு எங்க ஆபீஸ் கேங் பேசினப்போ, முதல்ல வந்த பேரு மாயா பே. ஆனா அங்க இப்போ நீந்தவே அனுமதி இல்ல. காரணம் புரியணும்னா 1999-க்குப் போகணும்.

அந்த வருஷம் பீ பீ லே தீவில் இருக்கிற இந்தக் கடற்கரையில், லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த 'தி பீச்' படப்பிடிப்பு நடந்தது. இயற்கையா இருந்த கடற்கரை போதலன்னு, மணல்மேட்டை வெட்டி, தென்னை நட்டாங்க. உள்ளூர்க்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க.

2000-ல் படம் ரிலீஸ். அப்புறம் கூட்டம் ஏறி ஏறி, ஒரு நாளைக்கு 5,000 பேர் வரைக்கும் போச்சு. படகுகளும் நங்கூரங்களும் பவளப்பாறையை நொறுக்கின. 2018 ஜூனில் அரசு கடற்கரையை மூடியது. பவளத்தைத் துண்டு துண்டா வளர்த்து, கடலுக்கடியில் நட்டாங்க. துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் திரும்பி வந்தன.

2022 ஜனவரியில் திறந்தப்போ ரூல்ஸ் வேற. படகு தீவின் பின்பக்கம்தான் நிற்கணும். ஒரே நேரத்துல இத்தனை பேருதான்னு வரம்பு. வருஷத்துல சில வாரம் மறுபடி மூடுறாங்க.

அதனால இடம் தேடும்போது தண்ணி எவ்வளவு தெளிவுன்னு மட்டும் பார்க்காதீங்க. எத்தனை பேரை உள்ளே விடுறாங்க, எப்போ மூடுறாங்கன்னும் கேளுங்க. நாம பார்க்கப் போற மீன் அங்க இருக்கிறதே அதனாலதான்.