கேதம் கேட்கும் முறை: புள்ளிக் கணக்கும் பால்புதுமையினரின் துக்கமும்

பிள்ளையார்பட்டி கற்பக விநாயகர் கோயில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் ஒன்று. அக்கோயிலைச் சேர்ந்த பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் கோயில் மாலை வரும். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறுவார்கள். கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, ரங்கூன் போன பாட்டனுக்கும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பேரனுக்கும் புள்ளி இங்கேதான். கடல் கடந்தவரை ஊரோடு இவ்வளவு இறுகக் கட்டிய ஏற்பாடு தமிழரிடையே அரிது. அந்தக் கணக்கு தூரத்தைப் பொருட்படுத்துவதில்லை, கல்யாணத்தைத்தான் பார்க்கிறது. ஆணோடு வாழும் ஆணுக்கும் பெண்ணோடு வாழும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை.

அப்படிக் கணக்கில் விடுபடும் பால்புதுமையினர் பற்றிய நம் ஆய்வுகள் காதலைப் பேசிய அளவுக்குச் சாவைப் பேசவில்லை. ஒருவர் இன்னாருக்கு இன்னார் என்பதை ஊர் அறுதியிட்டுச் சொல்வது சாவு வீட்டில்தான் என்பது என் வாதம். கொள்ளி வைக்க மகன், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள், தீட்டுக் காக்கப் பங்காளிகள் என்று அங்கே எல்லாம் முறைப்படி நடக்கும். கேதம் கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வருகிறவர் யார் முன்னால் போய் உட்கார வேண்டும் என்பதற்கும் முறை உண்டு. பல்லாண்டு உடன் வாழ்ந்த துணைக்கு முறை கிடையாது. ‘கூட இருந்த நண்பர்’ என்ற பெயரில் பந்தலின் ஓரத்து நாற்காலிதான் அவருக்கு. அவரிடம் யாரும் கேதம் கேட்பதில்லை.

கூவாகம் இருக்கிறதே என்று மறுக்கலாம். சித்திரைத் திருவிழாவில் கூத்தாண்டவராகிய அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர், அரவான் களப்பலியானதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஒப்பாரி வைக்கிறார்கள். அவர்களின் கைம்மையை ஊரே ஒப்புக்கொள்கிறது. அதன் பெருமையைக் குறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் கணவன் புராணத்தில் இருக்கும்வரைதான் அந்த ஒப்புதல். உடன் வாழ்ந்த மனிதன் இறந்தால், அவன் வீட்டு வாசலில் அதே திருநங்கை அழுவதைப் பொறுக்கும் குடும்பங்கள் குறைவு.

அரபு உலகிலும் இந்த முடிச்சு இருக்கிறது. 2017 செப்டம்பரில் கெய்ரோவில் நடந்த மஷ்ரூ லைலா இசைக்குழுவின் நிகழ்ச்சியில் வானவில் கொடி உயர்த்தியதற்காக எகிப்தின் பால்புதுமைச் செயற்பாட்டாளர் சாரா ஹெகாசி சிறைப்பட்டார். மறு ஆண்டு கனடாவில் தஞ்சம் புகுந்தார். அதன்பின் தாய் இறந்தபோது எகிப்து திரும்ப வழியில்லை. 2020 ஜூனில் கனடாவிலேயே தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றவளின் சாவுக்குப் போக முடியாதவருக்கு, முன்பின் அறியாத பலர் பல நகரங்களில் கூடி அஞ்சலி செலுத்தினார்கள். ரத்தமும் கல்யாணமும் தராத உறவுமுறை ஒன்றைத் துக்கமே உண்டாக்கிய தருணம் அது.

நம் நீதிமன்றம் அந்த உறவை ஏற்கத் தொடங்கிவிட்டது. குடும்பம் அமையக் கல்யாணம் ஒன்றே வழியல்ல, தாமாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று 2025 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு சென்னை உயர்நீதிமன்றத்தில் கூறியது. நிர்வாகம் பின்தங்கி நிற்கிறது. இறந்தவரின் உடலைத் துணைவர் பெறலாம் என்று 2024இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது; நெருங்கிய உறவினர் இல்லாதபோது மட்டும் என்பது அதிலுள்ள நிபந்தனை. உயிரோடிருந்த நாளில் வீட்டை விட்டுத் துரத்திய அண்ணன் பிணவறைக்கு வந்து நின்றால், துணைவர் விலகிக்கொள்ள வேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். தமிழ்நாடு அரசு இந்த நிபந்தனையை நீக்கி, இறந்தவர் எழுதிவைத்த துணைக்கே முதல் உரிமை தரும் அரசாணையை வெளியிட வேண்டும். புள்ளியைப் பற்றிக் கோயில்கள் நாளை பேசிக்கொள்ளட்டும்; கேதப் பந்தலில் அந்தத் துணையை முன்வரிசைக்கு அழைத்து உட்காரவைக்கப் பங்காளிகளுக்கு அரசாணை தேவையில்லை.