அந்தமானில் வலியின் வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியில் அந்தமான் செல்லுலார் சிறையில் கைதிகளைச் செக்கில் பூட்டினார்கள். ஒருவர் நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும். தோளும் இடுப்பும் தேய்ந்த அந்த வேலையில் நொறுங்கியது உடல் மட்டுமல்ல. அலிப்பூர் வெடிகுண்டு வழக்குக் கைதி உல்லாஸ்கர் தத், 1912-ல் கைவிலங்கோடு நிற்க வைக்கப்பட்ட தண்டனைக்குப் பின் காய்ச்சலிலும் வலிப்பிலும் விழுந்து மனநிலை தவறினார். மலேரியாதான் காரணம் என்றது அரசுத் தரப்பு. பிறகு அவரைச் சென்னை மனநலக் காப்பகத்துக்குக் கப்பலேற்றினார்கள், 1920-ல்தான் விடுதலை. உடலுக்குத் தீவிலேயே மருத்துவர், மனதுக்கோ கடைசியில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு காப்பகம். உடலையும் மனதையும் தனித்தனியே பார்த்தது அன்றைய மருத்துவத்தின் பொதுப் பிழை. தீவுகளில் கடல் அந்த இடைவெளியை மேலும் அகலமாக்கியது.

நாள்பட்ட வலிக்கு இந்தப் பிரிவினை அறவே உதவாது. வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியிலேயே கூடவும் குறையவும் முடியும் என்று வலி ஆய்வாளர்கள் மெல்சாக், வால் இருவரும் 1965-ல் விளக்கினர். வலி என்பது புலனுணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்று 1979-ல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் வரையறுத்தது. குனிந்தால் முதுகு போய்விடும் என்று அஞ்சுபவர் குனிவதையே விட்டுவிடுகிறார். தசை தளர்கிறது, வலி கூடுகிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியை அந்தப் பயமே வீட்டில் செய்யவிடாது. பயத்தைப் போக்க மனநல ஆலோசனை என்றாலே, வலி பொய் என்று சொல்வதாகாதா எனச் சிலர் வருந்துவார்கள். ஆகாது. வலி மெய், அதைப் பெருக்கும் பயமும் மெய். இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் வேண்டும்.

தீவில் மனநல ஆலோசகர் இல்லாவிட்டால் காணொளி வழியே அழைக்கலாம். தொட்டுச் செய்யும் வைத்தியத்தைத் திரையில் எப்படிச் செய்வது என்ற கேள்வியும் நியாயமானது. தொடும் கை தீவிலேயே இருக்கட்டும். கடல் தாண்ட வேண்டியது பேச்சு மட்டும். அதற்கான பாதை புதிதல்ல. செல்லுலார் சிறை வளாகத்தில் எழுந்த ஜி.பி. பந்த் மருத்துவமனையை இஸ்ரோ இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செயற்கைக்கோள் வழியாகச் சென்னையோடு இணைத்தது. 2004 சுனாமிக்குப் பின் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் குழுவினர் தீவுகளில் மனநல உதவி அளித்தனர். 2020 ஆகஸ்டில் 2,312 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் சென்னையிலிருந்து வந்து, கார் நிக்கோபார் வரையும் அதற்கு அப்பாலும் நீண்டது. 2022 முதல் 14416 என்ற, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணும் இருக்கிறது. சிக்னல் அடிக்கடி போகும் என்பார்கள். சாதாரணத் தொலைபேசியிலும் இந்த ஆலோசனையைத் தொடரலாம். எனவே தீவு மருத்துவமனைகளின் பிசியோதெரபி அறைகளிலேயே, தமிழும் வங்காளமும் நிக்கோபாரியும் பேசும் ஆலோசகர்களைக் கேபிள் வழியே அமர்த்துவதைச் சுகாதாரத் துறை தன் கடமையாக ஏற்க வேண்டும்.