சிறிய காரா, டீசல் ஃபோர் வீலா? கடனில் கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

தோட்டத்தை ஒட்டிய தாமானில் வீடு வாங்கியவர்களும், நாலைந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்களும் அடுத்து யோசிப்பது வண்டியைப் பற்றித்தான். பட்டணத்துக்குப் போய்வர ஒரு சிறிய கார் போதுமா? இல்லை, சேற்றிலும் ஏறும் டீசல் ஃபோர் வீல் பிக்கப்பாகவே எடுத்துவிடலாமா? நம் நாட்டில் கார் கடன் 9 ஆண்டுகள் வரை கிடைக்கிறது. பிள்ளை ஒன்றாம் ஆண்டில் சேரும்போது எடுக்கும் கடன், அவன் மூன்றாம் படிவத்தை முடிக்கும்போதுதான் தீரும். அதனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள் இன்னொன்றையும் கேட்பார்கள். "அங்கே டாக்சிக்காரர் டீசல் ஸ்விஃப்ட் வைத்துக்கொண்டு லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறாரே, இங்கே ஏன் அப்படி ஒரு கார் இல்லை?"

நியாயமான கேள்வி. டீசல் இயந்திரத்தில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் இறுக்கி அழுத்துவதால் எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. இந்த அதிக அழுத்தத்தால் எரிபொருள் வீணாவது குறைவு; ஒரு லிட்டர் டீசலில் உள்ள சக்தியும் பெட்ரோலைவிடக் கூடுதல். 1999இல் வோக்ஸ்வேகன் விற்பனைக்குக் கொண்டுவந்த லூப்போ என்ற குட்டி டீசல் கார், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் என்ற கணக்கில் ஓடுவதற்காகவே உருவாக்கப்பட்டது. இந்திய ஸ்விஃப்டில் இருந்தது இத்தாலியின் ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் இயந்திரம்.

மலேசியாவில் இந்த வகைக் கார்கள் வேரூன்றவில்லை. பெட்ரோலே மலிவாகக் கிடைத்தது ஒரு காரணம். நீண்ட காலம் இங்கே விற்ற டீசலில் கந்தகம் அதிகம் என்பது மற்றொன்று. புதிய வகை டீசல் கார்களுக்கு அது ஆகாது. நாடு முழுவதும் யூரோ 5 டீசல் என்று விதி வந்ததே 2021 ஏப்ரலில்தான். அதற்குள் உலகமே சிறிய டீசல் கார்களைக் கைவிடத் தொடங்கிவிட்டது. இந்தியாவின் மாருதி நிறுவனம், மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதும் 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திக்கொண்டது.

மறுவிற்பனையில் எங்காவது ஒரு சிறிய டீசல் கார் கண்ணில் பட்டால், ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். புதிய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. வண்டி நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓடிச் சூடானால்தான் அந்தக் கரி எரிந்து போகும். பள்ளிக்கூடம், சந்தை, கோயில் என்று மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பினால் அடைத்துக்கொள்ளும். எண்ணெயில் மிச்சம் பிடித்த காசு பட்டறைக்குப் போய்விடும்.

ஆக, நம்மில் பெரும்பாலோருக்கு உண்மையான தேர்வு, சிறிய பெட்ரோல் காருக்கும் டீசல் பிக்கப்புக்கும் இடையில்தான்.

எண்ணெய்க் கணக்கு

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியது. சபா, சரவாக், லாபுவானில் பழைய விலை நீடித்தது. தகுதியுள்ள டீசல் வண்டி உரிமையாளர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் புடி மடானி திட்டத்தில் மாதம் 200 ரிங்கிட் உதவி அறிவிக்கப்பட்டது. பெட்ரோலைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்கள் மைகாட் காட்டி ரோன்95ஐ 1 ரிங்கிட் 99 சென்னுக்கு ஊற்றலாம் என்றானது. மாதம் 300 லிட்டர் வரை என்று தொடங்கினார்கள்.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிறிய கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 100 லிட்டர், அதாவது 199 ரிங்கிட். பிக்கப் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்றால் 150 லிட்டர். 3 ரிங்கிட் 35 சென் விலையில் 502 ரிங்கிட் 50 சென். 200 ரிங்கிட் உதவி கிடைத்தாலும் பிக்கப்புக்கு மாதம் நூறு ரிங்கிட்டுக்கு மேல் கூடுதல். கிடைக்காவிட்டால் முந்நூறைத் தாண்டும். டீசல் விலை வாராவாரம் மாறுவதால், உங்கள் கணக்கை அந்த வார விலையில் போட்டுப் பாருங்கள்.

எண்ணெயோடு முடிவதில்லை. தீபகற்பத்தில் 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 20 ரிங்கிட்தான். மைவி 1.3க்கு 70, 1.5க்கு 90. பிக்கப் என்றால் பல நூறு. டயர், இயந்திர எண்ணெய், காப்புறுதி எல்லாமே அந்த அளவுக்குப் பெரியது. டீசல் இன்ஜெக்டரோ டர்போவோ பழுதானால் செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

ஃபோர் வீல் எதற்கு?

பல பிக்கப்களில் டூ எச், ஃபோர் எச், ஃபோர் எல் என்று மூன்று நிலைகள் இருக்கும். சாதாரணமாக ஓடுவது டூ எச்சில், பின்சக்கர இழுப்பில் மட்டும். ஃபோர் எச் வழுக்கும் மண்பாதைக்கு. ஃபோர் எல் செங்குத்தான சேற்று மேட்டில் மெதுவாக ஏறவும் இறங்கவும். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் எச் போட்டுத் திருப்பினால், முன்னும் பின்னும் சக்கரங்கள் வேறு வேறு தூரம் உருள்வதால் கியர் பகுதி இறுகிச் சேதமாகும். வாங்கிப் பல ஆண்டாகியும் இது தெரியாமல் ஓட்டுபவர்கள் உண்டு.

பலர் நம்ப மறுக்கும் விஷயம் இன்னொன்று. பாரம் ஏற்றாத பிக்கப் டூ எச்சில் ஈரமண்ணில் சிக்குவதைவிட, முன்சக்கர இழுப்புள்ள சிறிய கார் சிக்குவது குறைவு. இயந்திரத்தின் எடை இழுக்கும் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதுதான் காரணம். சிறிய காருக்கு எதிரி வழுக்கல் அல்ல, அடித்தட்டு உயரம். லோரி ஆழமாக உழுதுவிட்டுப் போன பாதையில் அது நடுவில் தட்டி நின்றுவிடும். மேலும், ஃபோர் வீல் ஏறுவதற்குத்தான் உதவும். பிரேக் பிடிக்க உதவாது. மழையில் வளைவுகளில் உயரமான வண்டி இன்னும் நிதானமாகப் போக வேண்டும்.

ஆனால் மலைப்பக்கம் நிலைமை வேறு. கேமரன் மலையில் காய்கறித் தோட்டக்காரர்கள் பழைய லேண்ட் ரோவர்களை இன்றும் விடாமல் வைத்திருப்பது அழகுக்காக இல்லை. அந்தச் சரிவில், அந்தப் பாரத்தோடு, அவை இல்லாமல் விளைந்ததைச் சாலைக்குக் கொண்டுவர முடியாது. உங்கள் நிலமும் அப்படி என்றால் எண்ணெய்க் கணக்கைப் பார்க்காமல் ஃபோர் வீல் எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் 1998இல் வந்த பெரோடுவா கெம்பாரா இருந்தது: 1.3 லிட்டர் பெட்ரோல், நான்கு சக்கர இழுப்பு. அதன் இடத்தை நிரப்ப அந்த விலையில் எதுவும் வரவில்லை என்பது என் வருத்தம்.

வெள்ளத்தில் உயரமான வண்டி போகும் என்ற தைரியமும் அளவோடு இருக்கட்டும். காற்று உறிஞ்சும் குழாய்க்குள் தண்ணீர் போனால் எந்த இயந்திரமும் நின்றுவிடும். அழுத்தம் அதிகமான டீசலில் உள்ளே கம்பியே வளைந்துவிடும்.

பழைய பிக்கப் வாங்குவதாக இருந்தால் அடிச்சட்டத்தைக் குனிந்து பாருங்கள். உரமூட்டை ஏற்றிய வண்டிகளில் துரு உள்ளுக்குள் தின்றிருக்கும். மண்தரையில் ஃபோர் எல் போட்டு ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பாரம்தான் உங்கள் காரணம் என்றால், குலை வாங்கும் வியாபாரி லோரி அனுப்பி ஏற்றிக்கொள்ள டன்னுக்கு எவ்வளவு பிடிக்கிறார் என்று முதலில் கேளுங்கள். மாதத்துக்கு இரண்டு அறுவடைக்கு அந்தத் தொகையைக் கூட்டி, காருக்கும் பிக்கப்புக்கும் உள்ள மாதத் தவணை வித்தியாசத்தின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பிறகு ஒரு நல்ல மழைக்கு மறுநாள், இப்போது இருக்கும் காரிலேயே உங்கள் நிலம்வரை போய்ப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து நிலத்துக்கு இன்னும் எத்தனை மீட்டர் என்று அளந்துகொண்டு ஷோரூமுக்குப் போகலாம்.