பெர்த்தா அம்மையார் பெற்ற பரிசு

சில ஆண்டுகளுக்கு முன் என் உறவினர் ஒருவர் வியன்னா நகரத்திலிருந்து திரும்பி வந்தபோது, சட்டைப் பையில் மிஞ்சிக் கிடந்த நாணயம் ஒன்றை என் மேசைமீது வைத்தார். அது இரண்டு யூரோ நாணயம். அதன் ஒரு புறத்தில் ஒரு பெண்மணியின் முகம் பொறித்திருந்தது. “இவர் யார்? அந்த நாட்டு அரசியா?” என்று கேட்டார் அவர். அரசி அல்லர், அரசர்களும் சேனாபதிகளும் எள்ளி நகைத்த ஒருவர். பெர்த்தா வான் சுட்னர் என்பது அவர் பெயர். 1905ஆம் ஆண்டில் சமாதானத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றவர். அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி.

பள்ளிப் பருவத்தில் நோபெல் பரிசு பெற்றோர் பட்டியலை நான் நெட்டுருச் செய்ததுண்டு. 1903, மேரி கியூரி, பௌதிகம். 1905, பெர்த்தா வான் சுட்னர், சமாதானம். 1909, செல்மா லாகர்லெவ், இலக்கியம். ஆண்டும் பெயருமே அன்று தெரியும். பிற்காலத்தில் பெர்த்தா அம்மையாரைப் பற்றிப் பலர் சொல்லக் கேட்டபோது, திரும்பத் திரும்ப ஒரே கதைதான் காதில் விழுந்தது. ஆல்பிரட் நோபெலிடம் அவர் ஒரு வாரம் காரியதரிசியாக இருந்தாராம். பிறகு காதலனை நாடி ஓடிவிட்டாராம். நோபெலின் நெஞ்சில் அவர் நினைவு நீங்காது நின்றதாம். அதனால் சமாதானப் பரிசு பிறந்ததாம். கேட்பதற்கு இனிமையான கதைதான். ஆயினும் அந்த ஒரு வாரத்துக்குப் பின் அந்த அம்மையார் உழைத்த உழைப்பு முழுவதையும் அக்கதை மூடி மறைத்துவிடுகிறது. அதனை இன்று சற்று விலக்கிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் அந்த வாரத்தையே பார்த்துவிடுவோம். பெர்த்தா 1843ஆம் ஆண்டு பிராக் நகரில் கின்ஸ்கி என்னும் பிரபு குடும்பத்தில் பிறந்தார். படைத்தலைவராயிருந்த தந்தை குழந்தை பிறக்கு முன்னரே காலமானார். தாய் சூதாட்ட விடுதிகளில் பொருளைத் தொலைத்தார். மொழிகளும் சங்கீதமும் கற்றிருந்த மகள், முப்பதாம் வயதில், வியன்னாவில் சுட்னர் பிரபுவின் இல்லத்துப் பெண்களுக்கு ஆசிரியையாக அமர்ந்தார். அவ்வீட்டு மகன் ஆர்தர் அவரைவிட ஏழு வயது இளையவன். இருவருக்கும் காதல் மலர்ந்தது, வீட்டார் விரும்பவில்லை, ஆசிரியை வேலையை விட்டு வெளியேற நேர்ந்தது. பாரிஸில் வாழ்ந்த ஒரு செல்வர் பல மொழி அறிந்த காரியதரிசி வேண்டுமென்று பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்தார். அவர்தாம் நோபெல், டைனமைட்டைக் கண்டுபிடித்தவர். 1876ஆம் ஆண்டு பெர்த்தா பாரிஸ் சென்றார். சில நாட்களில் நோபெலுக்கு ஸ்வீடனுக்குப் போக வேண்டிய அலுவல் வந்தது. தனித்திருந்த பெர்த்தா தம்மிடமிருந்த வைரச் சிலுவை ஒன்றை விற்று, அந்தப் பணத்தில் வியன்னாவுக்கு வண்டியேறினார். அவ்வாண்டு ஜூன் மாதம் ஆர்தரை இரகசியமாக மணந்துகொண்டார். நோபெலிடம் அவர் செய்த உத்தியோகம் இவ்வளவே. இதை வைத்துக்கொண்டு ஒரு பரிசின் வரலாற்றை எழுத முடியுமா?

மணம் முடித்தவர்கள் வியன்னாவில் இருக்க இயலவில்லை. காக்கசஸ் மலைநாட்டில், ஜார்ஜியாவில், பெர்த்தாவுக்கு அறிமுகமான ஓர் இளவரசி இருந்தார். அவரை நம்பிப் புறப்பட்டார்கள். எதிர்பார்த்த பதவி ஒன்றும் கிட்டவில்லை. மொழிப் பாடமும் சங்கீதப் பாடமும் சொல்லிக் கொடுத்தும், பத்திரிகைகளுக்கு எழுதியும், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் காலம் தள்ளினார்கள். பிரபு குலத்துப் பெண் வறுமையை நேரில் கண்ட காலம் அது. யுத்தத்தின் நிழலையும் அங்கேதான் கண்டார். 1877இல் ருஷ்யாவும் துருக்கியும் போர் தொடங்கியபோது காயம்பட்டோர் பற்றிய செய்திகள் அவர் வாழ்ந்த இடத்துக்கு வந்தவண்ணம் இருந்தன. எனினும் அப்போது அவர் போரை எதிர்த்தவர் அல்லர். படைத்தலைவர் மகளுக்குப் போர் என்பது புயல் மழை போல இயல்பாக வருவதொன்று. இதை அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். நாற்பது வயதைக் கடந்த பிறகு தம் எண்ணத்தைத் தாமே மாற்றிக்கொண்டவர் என்பதனால் அவர்மேல் எனக்கு மதிப்பு மிகுகிறது.

1885இல் சுட்னர் குடும்பத்தார் மனம் இரங்கினர். தம்பதிகள் ஆஸ்திரியாவுக்குத் திரும்பினர். பின்னர் பாரிஸ் சென்றபோது நோபெலை மீண்டும் சந்தித்தார்கள். அவ்வூரில்தான், நாடுகளுக்கிடையே எழும் வழக்குகளை மத்தியஸ்தத்தால் தீர்க்க வேண்டும் என்று பாடுபடும் சங்கம் ஒன்று லண்டனில் இருப்பதைப் பெர்த்தா கேள்வியுற்றார். இத்தகைய முயற்சி உலகில் நடக்கிறது என்பதே அவருக்குப் புதுச் செய்தி. இதற்குத் தாம் என்ன செய்யலாம் என்று எண்ணினார். வாதம் எழுதினால் படிப்பவர் சிலரே. கதை எழுதினால் பலர் படிப்பர் என்று கணக்கிட்டார்.

அந்தக் கதையை அவர் கற்பனையில் மட்டும் எழுதவில்லை. போர் வரலாறுகளைப் படித்தார். பத்திரிகை நிருபர்களும் இராணுவ வைத்தியர்களும் எழுதிய அறிக்கைகளைத் தேடினார். களத்தில் நின்றவர்களை விசாரித்தார். 1859, 1864, 1866, 1870 என நான்கு போர்கள் ஒரே பெண்ணின் வாழ்வில் வந்து மோதுவதாகக் கதையை அமைத்தார். மார்த்தா என்னும் அப்பெண் முதற் போரில் முதற் கணவனை இழக்கிறாள். 1866இல் இரண்டாம் கணவனைத் தேடிப் போர்க்களத்துக்கே செல்கிறாள். அப்போர் முடிந்த பின்னர் காலரா வருகிறது. உடன்பிறந்தோரை வாரிக்கொண்டு போவது துப்பாக்கிக் குண்டு அன்று, அந்த நோய். போர் கொல்வது களத்தில் மட்டுமன்று என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு நாவலில் காட்டிவிட முடியாது. இறுதியில் பாரிஸ் நகரத்தில் இரண்டாம் கணவனும் ஒற்றன் என்ற ஐயத்தால் சுட்டுக் கொல்லப்படுகிறான்.

‘ஆயுதங்களைக் கீழே போடுங்கள்’ என்று பொருள்படும் தலைப்பைத் தந்து நாவலைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். இராணுவம் ஓங்கிய நாட்டில் இதை வெளியிட இயலாதென்று திருப்பிவிட்டார்கள். ஒரு பதிப்பாளர், அரசியல் அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு திருத்தலாம் என்றார். தலைப்பையாவது மாற்றலாம் என்றார். அம்மையார் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. 1889இல் நூல் வெளிவந்தது; 1905க்குள் ஜெர்மன் மொழியில் மட்டும் 37 பதிப்புகள் கண்டது. இலக்கியம் என்ற அளவில் அது பெரிய நூல் என்று நான் வாதிடமாட்டேன். பாத்திரங்கள் சில இடங்களில் மேடைப் பிரசங்கிகள் போலப் பேசுகின்றன. ஆனால், படித்தவர்கள் கண்கலங்கினார்கள். அதனோடு நில்லாமல் சங்கம் கூட்டினார்கள். 1891இல் ஆஸ்திரிய சமாதான சங்கத்தை அம்மையாரே நிறுவினார். அதே ஆண்டு ரோமாபுரி மாநாட்டில் பேசினார்.

இப்போது நோபெலிடம் வருவோம். இவ்விருவரும் நேரில் சந்தித்தது மிகச் சில முறையே, மற்றதெல்லாம் கடிதங்கள். அந்த நட்பு ஒருவரையொருவர் புகழ்ந்த நட்பு அன்று, இடைவிடாது வாதித்த நட்பு. சங்கத்துக்குப் பணம் அனுப்பிய நோபெல், பணத்தைவிட நல்ல திட்டம்தான் உங்களுக்கு வேண்டும் என்ற கருத்தில் எழுதினார். 1892இல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் சமாதான மாநாடு நடந்தபோது ஓசையின்றி வந்து பார்த்துவிட்டும் போனார். பிறகு ஜூரிச் ஏரியில் படகில் செல்லும்போது அவர் அம்மையாரிடம் சொன்ன கருத்து புகழ்பெற்றது. உங்கள் மாநாடுகளுக்கு முன்னரே என் தொழிற்சாலைகள் போரை ஒழித்துவிடக்கூடும். இரு சேனைகள் ஒரு நொடியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள முடியும் என்ற நாள் வந்தால், நாகரிக நாடுகள் நடுங்கிப் படைகளைக் கலைத்துவிடும் என்பது அவர் எண்ணம். அத்தகைய ஆயுதம் 1945இல் ஹிரோஷிமாவின்மேல் விழுந்தது. நாடுகள் நடுங்கியது உண்மை. படைகளைக் கலைத்தன என்று சொல்வதற்கில்லை.

படகில் கேட்ட வாதத்துக்கு அம்மையார் அடங்கிவிடவில்லை, தொடர்ந்து எழுதினார். 1893 ஜனவரியில் நோபெலிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐரோப்பாவில் சமாதானத்துக்கு வழிசெய்பவர்க்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு பரிசு அளிக்கத் தம் செல்வத்தில் ஒரு பகுதியை ஒதுக்க எண்ணுவதாக அதில் எழுதியிருந்தார். ஆறு முறை கொடுத்தால் போதும். முப்பது ஆண்டுகளில் திருந்தாத உலகம் காட்டுமிராண்டி நிலைக்கே திரும்பிவிடும் என்பது அவர் கணக்கு. 1895 நவம்பர் 27ஆம் நாள் அவர் எழுதிய கடைசி உயில் இன்றும் உள்ளது. சமாதானப் பரிசுக்கு உரியவர் யார் என்பதை அவ்வுயில் மூன்று வகையாகக் குறிக்கிறது: நாடுகளுக்கிடையே சகோதர உணர்வை வளர்த்தவர், நிலையான படைகளை ஒழிக்கவோ குறைக்கவோ உழைத்தவர், சமாதான மாநாடுகளை நடத்தியும் பரப்பியும் வந்தவர்.

மூன்றாவது வகையைக் கவனியுங்கள். மாநாடுகள்! 1892இல் எந்த மாநாடுகளைத் தம் தொழிற்சாலைகளைவிடத் தாழ்வாக மதித்தாரோ, அவற்றையே 1895இல் உயிலில் எழுதிக் கையொப்பமிட்டார். இடைப்பட்ட மூன்றாண்டுகளில் அவரிடம் மாநாடுகளுக்காக ஓயாமல் வழக்காடியவர் பெர்த்தா அம்மையார். 1876ஆம் ஆண்டுக் காரியதரிசியின் நினைவால் அந்தச் சொல் உயிலில் நுழைந்திருக்க முடியாது. அதை நுழைத்தது நாவலாசிரியையின் பேனா என்றே நான் கருதுகிறேன்.

1896 டிசம்பர் 10ஆம் நாள் நோபெல் காலமானார். 1901இல் முதற் பரிசு வழங்கினார்கள். யாருக்கு? செஞ்சிலுவை இயக்கத்தின் மூலவர் டூனாண்டுக்கும், பிரான்ஸ் தேசத்துப் பாஸிக்கும். 1902இல் ஸ்விட்சர்லாந்தினர் இருவருக்கு. 1903இல் ஆங்கிலேயர் கிரீமருக்கு. 1904இல் சர்வதேசச் சட்டக் கழகத்துக்கு. பரிசு பிறக்கக் காரணமாயிருந்தவர் நான்கு முறை பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வு செய்தவர்கள் நார்வே பாராளுமன்றம் நியமித்த ஐவர், ஐவரும் ஆண்கள். அம்மையாருக்கோ தம் நாட்டில் ஓட்டுரிமை கூடக் கிடையாது. ஆஸ்திரியப் பெண்கள் அதைப் பெற்றது 1918இல்தான். டூனாண்டுக்குப் பரிசு தந்ததில் அவருக்கு உடன்பாடில்லை. காயத்துக்கு மருந்திடுவது வேறு, காயப்படுத்துவதை நிறுத்துவது வேறு, நோபெல் நினைத்தது இரண்டாவதையே என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருந்தது. சொந்த ஏமாற்றமும் சற்றுக் கலந்திருந்தால் யார் குறை கூறுவர்?

1902இல், நோபெல் மறைந்த அதே டிசம்பர் 10ஆம் நாளில், ஆர்தர் இறந்தார். கடன்களுக்காகக் குடும்ப மாளிகை கைமாறியது. அம்மையார் வியன்னாவில் ஓர் இருப்பிடம் தேடிக்கொண்டு, ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து வந்தார். 1905 டிசம்பரில், ஜெர்மனியில் அவ்வாறு சுற்றுப்பயணம் செய்துகொண்டிருக்கையில், பரிசுச் செய்தி தந்தியாக வந்து சேர்ந்தது. தொகை 1,38,000 குரோனருக்குச் சற்று மேல். அவ்வாண்டில்தான் நார்வேயும் ஸ்வீடனும் ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் பிரிந்து தனி நாடுகளாயின. நல்ல ஆண்டில் நல்லவருக்குக் கிடைத்தது. அடுத்த ஏப்ரல் 18ஆம் நாள் நார்வேயின் தலைநகரில் அம்மையார் நன்றியுரை ஆற்றினார்.

பரிசு வந்ததனால் ஏளனம் நிற்கவில்லை. ‘சமாதான பெர்த்தா’ என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டின. சித்திரக்காரர்கள் பருத்த கிழவியாக வரைந்து மகிழ்ந்தார்கள். அவர் கவனமோ வானத்தில் இருந்தது. 1911இல் லிபியாவில் இத்தாலிய விமானி ஒருவர் ஆகாயத்திலிருந்து குண்டு வீசினார். அடுத்த ஆண்டே, ஆகாயமும் காட்டுமிராண்டித்தனத்துக்கு இரையாகிறது என்று எச்சரித்துச் சிறு நூல் எழுதினார். அப்போது அவர் வயது 69.

1914ஆம் ஆண்டு உலக சமாதான மாநாட்டை வியன்னாவிலேயே கூட்ட ஏற்பாடுகள் நடந்தன. அதற்கு முன்பே, ஜூன் 21ஆம் நாள், பெர்த்தா அம்மையார் உயிர் நீத்தார். சரியாக ஏழு நாட்கள் கழித்து, ஜூன் 28இல், ஆஸ்திரிய இளவரசரைச் சரயேவோவில் சுட்டார்கள். மகாயுத்தம் மூண்டது, மாநாடு கூடவில்லை.

அம்மாநாட்டில் காட்டுவதற்கென்றே டென்மார்க் தேசத்துப் படக் கம்பெனி ஒன்று அவருடைய நாவலை மௌனப் படமாக எடுத்திருந்தது. அந்தப் படம் இன்றும் இருக்கிறது. தொடக்கத்தில் கதை இல்லை. கறுப்பு உடை அணிந்த முதியவர் ஒருவர் வியன்னாவில் தம் மேசை முன் அமர்ந்திருக்கிறார். அவர் பெர்த்தா அம்மையாரே. என் மேசைமீதுள்ள நாணயத்தில் இருக்கும் முகமும் அதுதான்.