டிஸ்ட்ரெஸ்: இடுக்குல மாட்டின ஒரு வார்த்தை

போன பௌர்ணமிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் திருவண்ணாமலைன்னு பழைய எபிசோடுகள் கேட்டவங்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலத்துல முக்கால்வாசி முடிச்சு, குபேர லிங்கத்துக்குப் பக்கத்துல இருக்கிற இடுக்குப் பிள்ளையார் கோயிலுக்கு வந்தோம். போகாதவங்களுக்காகச் சொல்றேன்: அது ஒரு சின்னக் கட்டடம். வாசல்கள் ஒரே நேர்கோட்டுல இருக்காது. பின்பக்கமா படுத்து நுழைஞ்சு, உடம்பை வளைச்சு, தவழ்ந்து முன்பக்கமா வெளிய வரணும். வந்தா உடம்பு வலியெல்லாம் போகும்னு ஒரு நம்பிக்கை.

ஸ்கூல் படிக்கும்போது சர்ருனு வந்துடுவேன். இந்த முறை பாதியில மாட்டிக்கிட்டேன். ஆறு வருஷமா நாற்காலியிலயே உட்கார்ந்து கோடு எழுதினதோட பலன். பின்னாடி வரிசையில நின்ன ஒரு அம்மா, "பயப்படாதீங்க தம்பி, ஒருக்களிச்சுப் படுங்க, மூச்சை விட்டுட்டு நகருங்க"ன்னு சொன்னாங்க. வந்துட்டேன். ஆனா அந்த அரை நிமிஷம் இருக்கே! வெளிய வந்ததும் நண்பன்கிட்ட, "செம டிஸ்ட்ரெஸ் ஆயிட்டேன்டா"ன்னு சொன்னேன். ராத்திரி வீட்டுக்கு வந்து சும்மா அந்த வார்த்தையோட பூர்வீகத்தைத் தேடினேன். நான் அதைச் சரியான இடத்துலதான் சொல்லியிருக்கேன்.

டிஸ்ட்ரெஸ் பழைய பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்த வார்த்தை. வேர் லத்தீன். 'ஸ்ட்ரிங்கெரே'ன்னா இறுக்கிக் கட்டுவது. அதுலேர்ந்து வந்த 'டிஸ்ட்ரிக்டுஸ்'ல இறுக்கம், கட்டுப்பாடு, குறுகல் எல்லாம் அடக்கம். ஆக, டிஸ்ட்ரெஸ்ங்கிறது மனசோட பெயரா பிறக்கல. ஏதோ ஒண்ணு உங்களை இறுக்கிப் பிடிச்சிருக்குங்கிறதுதான் அதோட முதல் அர்த்தம். ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரிக்ட் எல்லாம் அதே குடும்பம். மெக்கானிக்கல் படிச்சவங்க ஸ்ட்ரெஸ்னா என்னன்னு ஃபார்முலாவோட சொல்வாங்க: விசையைப் பரப்பளவால வகுக்கணும். மனசுக்கு அந்த ஃபார்முலா இன்னும் கிடைக்கல.

நம்ம பக்கம் பாருங்க. சங்கடம் சமஸ்கிருதத்துலேர்ந்து வந்தது. அங்க அதுக்கு ஒரு அர்த்தம் குறுகலான இடம். நெருக்கடி நமக்கே தெரியும், நெருக்குறதுதான். திருக்குறள்ல 'இடுக்கண் அழியாமை'ன்னு ஒரு அதிகாரமே இருக்கு. துன்பம் வந்தா கண் இடுங்கும், அதனால இடுக்கண்னு விளக்கம் சொல்வாங்க. அப்ப அங்க குறுகுறது வழி இல்ல, கண்ணு. லத்தீன்ல குறுகலுக்கு இன்னொரு வார்த்தை 'அங்குஸ்டுஸ்'. ஆங்கிலத்தோட ஆங்ஸைட்டி, ஜெர்மனோட ஆங்ஸ்ட் எல்லாம் அதுக்குச் சொந்தம். வேற வேற மொழிகள், ஆனா கஷ்டம் எல்லாருக்கும் இடுக்காத்தான் தெரிஞ்சிருக்கு.

இது வரைக்கும் ஜாலியான மொழி ஆராய்ச்சி. என்னை உட்கார வெச்சது அடுத்த விஷயம்.

இங்கிலாந்துச் சட்டத்துல 'டிஸ்ட்ரெஸ்'னு ஒரு நடைமுறை இருந்தது. வாடகையோ குத்தகையோ பாக்கி வெச்சா, நில உரிமையாளர் கோர்ட்டுக்குப் போகாமலேயே உங்க மாட்டையும் சாமானையும் பிடிச்சுக்கிட்டுப் போகலாம். 1267-ல வந்த மார்ல்பரோ சட்டமே இதுக்கு விதிமுறை போடுது. இங்கிலாந்துல இந்த உரிமையை ஒழிச்சது 2014-லதான்! அப்படி இறுக்கி வசூல் பண்ற அதிகாரம் ஒருத்தருக்கு எது வரைக்கும் செல்லுமோ, அந்த எல்லைக்குப் பேரு என்ன தெரியுமா? டிஸ்ட்ரிக்ட். அதே வேர்தான். 1989 செப்டம்பர் 30-ல வட ஆற்காட்டைப் பிரிச்சு திருவண்ணாமலை மாவட்டத்தை உருவாக்கினாங்க. மாவட்டம்னா மா, வட்டம். தமிழ்ல எவ்வளவு சாதுவான வார்த்தை!

இப்ப 1850-களுக்கு வருவோம். அப்ப திருவண்ணாமலை தென்னாற்காடு ஜில்லாவுல ஒரு தாலுகா. மதராஸ் ராஜதானியில பெரும்பகுதி ரயத்துவாரி முறை. அதாவது ஜமீன்தார் நடுவுல கிடையாது, விவசாயி நேரா சர்க்காருக்கு கிஸ்தி கட்டணும். மழை பொய்ச்சாலும் கட்டணும். கட்டலைன்னா?

அதைக் கேள்வியாக்கினவர்ல முக்கியமானவர் கஜுலு லட்சுமிநரசு செட்டி. சென்னை வியாபாரி, 1844-ல 'கிரசண்ட்' பத்திரிகையைத் தொடங்கினவர், 1852-ல சென்னை சுதேசி சங்கத்தை உருவாக்கினவர். இந்தியா வந்த டான்பி செமூர்ங்கிற பிரிட்டிஷ் எம்பியை கிராமங்களுக்குக் கூட்டிட்டுப் போனார். 1854-ல செமூர் அதை லண்டன் பார்லிமென்ட்ல எழுப்பினார். அதே வருஷம் கமிஷன் போட்டாங்க. 1855-ல அறிக்கை வந்தது. மதராஸ் சித்திரவதைக் கமிஷன்னு தேடுங்க, கிடைக்கும்.

கிஸ்தி வசூலிக்கிறதுக்காகச் செஞ்சதையெல்லாம் அந்த அறிக்கை வரிசையா எழுதி வெச்சிருக்கு. வெயில்ல நிக்க வைக்கிறது. சாப்பிடவோ வெளிக்குப் போகவோ விடாம இருக்கிறது. மாட்டை மேய்ச்சலுக்கு விடாம வீட்டுக்குள்ளயே அடைக்கிறது. ஒரு சேவகனை வீட்டுலயே உட்கார வெச்சு, அவன் தினக்கூலியையும் பாக்கிக்காரனையே குடுக்க வைக்கிறது. குனிய வெச்சு, அந்த நிலையிலேயே கயிறாலயோ அவன் துணியாலயோ கட்டிப் போடுறது. அப்புறம் கிட்டி.

கிட்டின்னா ரெண்டு கட்டை, ஒரு முனையில சேர்த்துக் கட்டினது. நடுவுல விரலை வெச்சு இறுக்குவாங்க. ஆங்கில அறிக்கையில அதுக்கு மொழிபெயர்ப்பு போதாம, நம்ம வார்த்தையையே 'கிட்டி'ன்னு எழுதிட்டாங்க. பல் கிட்டிக்கிச்சுன்னு இன்னிக்கும் சொல்றோம்ல, அந்தக் கிட்டி. ஐரோப்பாவுல இருந்தா இதுக்கும் ஒரு லத்தீன் வேர் தேடியிருப்பாங்க.

அறிக்கை ஒரு இடத்துல வழுக்கிடுது. செஞ்சதெல்லாம் கீழ்மட்ட உள்ளூர் ஊழியர்கள், வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதுல பங்கில்லைங்கிற மாதிரி முடிக்குது. எனக்கு அது நம்பும்படியா இல்ல. வசூல் இலக்கு மேலிருந்து வருது, கிட்டி கீழ நடக்குது. நடுவுல இருக்கிற யாருக்குமே ஒண்ணும் தெரியாதாம். டெட்லைன் போட்ட மேனேஜருக்கு நீங்க ராத்திரி ரெண்டு மணிக்கு டெப்ளாய் பண்ணது தெரியாத மாதிரி. (ஒப்பீடு ரொம்ப லேசானதுதான், மன்னிச்சுக்கோங்க.) 1857-ல நியூயார்க் டெய்லி டிரிப்யூன்ல கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை எடுத்து எழுதினப்பவும் அந்த இடத்துலதான் கை வெச்சார்.

பிறகு 1859-ல போலீஸ் சட்டம் வந்து, போலீஸ் வேலையை வரி வசூல்லேர்ந்து பிரிச்சாங்க. 1864-ல வருவாய் வசூல் சட்டம் வந்தது. பாக்கிக்காரன் சொத்தைப் பிடிச்சு ஏலம் விடுறதுக்கு எழுத்துல விதி. பேர்ல மதராஸ் போய்த் தமிழ்நாடு வந்ததே தவிர, அந்தச் சட்டம் இன்னும் அமல்ல இருக்கு. அதுல நடக்குறதுக்கு நம்ம வீடுகள்ல ஒரே பேருதான்: ஜப்தி. அது அரபியிலேர்ந்து வந்த வார்த்தை. அரபியில 'ஸப்த்'னா கெட்டியாப் பிடிக்கிறது. மறுபடியும் பாருங்க, இறுக்கம்!

டிஸ்ட்ரெஸ் இப்ப எங்கெங்கயோ போயிடுச்சு. நடுக்கடல்ல கப்பல் அனுப்புற சிக்னல் டிஸ்ட்ரெஸ். அவசரத்துக்கு அடிமாட்டு விலைக்கு வீட்டை விக்கிறது டிஸ்ட்ரெஸ் சேல். முட்டியில கிழிச்சு மூவாயிரம் ரூபாய்க்கு விக்கிற ஜீன்ஸும் டிஸ்ட்ரெஸ்டு. என் அப்பா அதைப் பார்த்துட்டு, "இது யாருடா ஜப்தி பண்ணது?"ன்னு கேட்டார். அவருக்கு இந்த எபிசோடு எல்லாம் தெரியாது.

அப்பாவோட சின்ன வயசுல, அண்டா குண்டாவெல்லாம் ஜப்திக்குப் போகாம இருக்க, முந்தின ராத்திரியே பக்கத்து வீட்டுக்கு மாத்தி வைப்பாங்களாம். எந்தப் பாத்திரம் யாருதுன்னு பின்னாடி சண்டை வருமாம். உங்க வீட்டுலயும் இப்படி ஏதாவது கதை இருந்தா, பெரியவங்ககிட்ட கேட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல போடுறேன்.