கோபேலிஸ் மாநில விமான நிலையம்

கோபேலிஸ் மாநில விமான நிலையம் அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில், பசிபிக் கடற்கரையில் உள்ளது. மாநில அரசுக்குச் சொந்தமான இதற்குக் கட்டடமோ, விளக்குகளோ, எரிபொருள் வசதியோ கிடையாது. ஏறத்தாழ 4,500 அடி நீள ஈரமணல்தான் ஓடுபாதை. பயணிகள் விமானச் சேவை எதுவும் இல்லை. தனியார் ஓட்டும் சிறு விமானங்கள் மட்டுமே இங்கு இறங்குகின்றன. இம்மாநிலக் கடற்கரைகளில் விமானம் இறங்கச் சட்டம் இடம் தருவதாக அறியப்படும் பகுதி இது ஒன்றே.

கடற்கரையே சாலை

அடர்ந்த காடுகள் நிறைந்த இக்கரையில், நல்ல சாலைகள் வருவதற்கு முன்பு ஈரமணலே மக்கள் செல்லும் வழியாக இருந்தது. 1901ஆம் ஆண்டு மாநிலச் சட்டமன்றம் இக்கடற்கரையைப் பொது நெடுஞ்சாலையாக அறிவித்தது. அதனால் கரை தனியார் கைக்குப் போகாமல் மக்களுக்கு உரியதாக நிலைத்தது. 1967இல் இது கடலோரப் பாதுகாப்புப் பகுதிக்குள் கொண்டுவரப்பட்டது. இன்றும் இம்மணலில் கார்கள் மணிக்கு 25 மைல் வேக வரம்புக்குள் ஓடுகின்றன. அதே மணலில் விமானங்களும் இறங்குகின்றன.

மாநிலத்தின் வானூர்தி ஆணையம் 1947இல் தோன்றி, 1977இல் போக்குவரத்துத் துறையுடன் இணைந்தது. அத்துறையே இந்நிலையத்தை நிர்வகிக்கிறது.

ஓதமும் ஓடுபாதையும்

உயர் ஓதத்தின்போது ஓடுபாதை நீருக்குள் மறைந்துவிடும். எனவே விமானிகள் புறப்படும் முன் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வடியும் நேரத்தில் வந்து இறங்குகின்றனர். கருமையாகத் தெரியும் ஈரமணல் இறுக்கமானது. வெளிறிய உலர்மணலில் சக்கரம் புதைந்துவிடும். புதைந்த விமானத்தை அடுத்த ஓதத்துக்குள் மீட்டாக வேண்டும். இறங்கும் முன் கரையில் நடப்போரும் வண்டிகளும் உள்ளனரா என்று தாழப் பறந்து பார்ப்பது வழக்கம். உப்பு உலோகத்தை அரிக்கும் என்பதால், திரும்பியதும் விமானத்தை நன்னீரால் கழுவுகின்றனர். ரேசர் கிளாம் எனும் நீண்ட மட்டியைத் தோண்டி எடுக்க வருவோரும் உண்டு.

நிலம் தாழ்ந்த வரலாறு

அருகிலுள்ள கோபேலிஸ் ஆற்றின் சதுப்பில் பட்டுப்போன செந்தேவதாரு மரங்கள் இன்றும் நிற்கின்றன. இதனைப் பேய்க்காடு என்பர். 1700 சனவரி 26 அன்று ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தில் கரையோர நிலம் தாழ்ந்து, வேர்களுக்குள் உப்புநீர் புகுந்ததால் அவை மடிந்தன. மரங்களின் ஆண்டு வளையங்களும், சப்பானிய ஊர்ப் பதிவேடுகளில் இருந்த ஆழிப்பேரலைக் குறிப்புகளும் ஒத்துப்போனதால் அந்த நாள் உறுதியாயிற்று. 2004இல் தமிழகக் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையைப் போலவே, அதுவும் கடலடித் தட்டு ஒன்று மற்றொன்றின் அடியில் நழுவியதால் எழுந்தது.

மனிதர் போட்ட சட்டம் இந்த ஓடுபாதையைப் பொதுச்சொத்தாகக் காத்து வந்துள்ளது. ஆனால் அது கிடக்கும் நிலம் முன்பு ஒரே இரவில் தாழ்ந்த நிலம். அத்தகைய நிலநடுக்கம் மீண்டும் வரும் என்று புவியியலாளர் எச்சரிக்கின்றனர்.